முகூர்த்தத்தை முன்னால் இழுத்தவன்

என் தங்கையின் கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தம் காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை என்று அச்சாகியிருந்தது. தாலி ஏறியது ஆறே முக்காலுக்கு. இடையில் இருந்த நேரத்தைத் தின்றவன் நான். அது யாருக்கும் தெரியாது என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் அசட்டுத்தனங்களில் அதுவும் ஒன்று.

அறுபதுகளின் பின்பாதி. போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே பக்கம் அரசாங்கக் குடியிருப்பில் அம்மா, தங்கை, நான் என்று மூன்று பேர். கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்த அப்பா ஒரு காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டார். இரக்கப்பட்டு எனக்கு அதே இலாகாவில் குமாஸ்தா வேலை போட்டுக் கொடுத்தார்கள். மெயின்லேண்டிலிருந்து வந்து குடியேறிய எல்லோரையும்போல எங்களுக்கும் இங்கே உறவு என்று சொல்லிக்கொள்ள ஆள் கிடையாது. ஒரே ஒருவர்தான் உண்டு, அம்மாவின் தம்பி. சாத்தமில் படகு ஏறினால் எதிர்க்கரை பேம்பூ ஃபிளாட். அங்கே இறங்கி உள்ளே இரண்டு மைல் நடந்தால் மாமா வீடு. வெட்டிப் போட்ட மரங்களை அளந்து நம்பர் போடுவது காட்டிலாகாவில் அவருக்கு வேலை.

அப்பா போன அன்று முதல் படகில் வந்தவர், பதினாறாம் நாள் வரை எங்கள் வீட்டுத் தரையில்தான் படுத்தார். அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அக்கா, டீ போடு" என்று சத்தம் கொடுப்பார். அம்மாவின் முகம் அந்த ஒரு குரலுக்குத்தான் அப்போது மலரும்.

ஆனால் மாமாவைப் பற்றி அம்மா வெளியாளிடம் பேசினால் பாதியில் நிறுத்திக்கொள்வாள். காரணம் அத்தை. காட்டு வேலைக்காக ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த கூலிக் குடும்பத்துப் பெண் அவர். மாமா காட்டு முகாமில் இருந்தபோது அவரைக் கட்டிக்கொண்டு, கட்டிய பிறகு வந்து சொன்னார். தீவில் இது ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் குடியிருப்பு வரிசையிலேயே வங்காளியைக் கட்டிய மலையாளி இருந்தார். அடுத்தவர் வீட்டில் நடந்தால் சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொள்வாள் அம்மா. தன் தம்பி என்றதும் தொண்டையில் முள். இப்போது எழுதும்போது வாய் நிறைய அத்தை என்று எழுதுகிறேன். அந்த நாளில் நான் அவரை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. எதுவுமே கூப்பிட்டதில்லை.

தங்கைக்கு மதுரைப் பக்கத்தில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். கடலைத் தாண்டிப் பெண் எடுக்க அவர்கள் சம்மதித்ததே பெரிய விஷயம். ஆனால் ஒரு நிபந்தனை. வந்த கப்பலிலேயே பெண்ணோடு திரும்பிவிட வேண்டும். மெட்ராஸ் கப்பல் வந்தால் ஐந்தாறு நாள் நிற்கும், போனால் மறுபடி எப்போது வரும் என்பது கடவுளுக்கும் துறைமுகத்துக்கும்தான் தெரியும். ஆகவே தீவில் எங்கள் நல்ல காரியம் எல்லாமே கப்பல் நிற்கிற நாட்களுக்குள் அடங்க வேண்டும். பஞ்சாங்கத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கப்பல் தேதியைப் பார்ப்போம்.

அதே கப்பலில்தான் சங்கீதக்காரர்களும் வந்தார்கள். ஊர்த் தமிழர்கள் சேர்ந்து மூன்று நாள் இசை விழா நடத்துவது என்று முடிவாகியிருந்தது. பாட்டு, வயலின், மிருதங்கம், கூடவே ஒரு நாயன கோஷ்டி. அதுவரை எங்களுக்குக் கச்சேரி என்றால் ரேடியோதான். அதிலும் பாதிக் கச்சேரியைக் கடல் விழுங்கிவிடும். நான் வாலண்டியர்களுக்குத் தலைவன். சட்டையில் குத்திக்கொள்ள மஞ்சள் பட்டில் ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். ஆபீசில் என்னை "ஏ பாபு" என்று விரல் சொடுக்கிக் கூப்பிடுகிறவர்களெல்லாம் டிக்கெட் கிடைக்குமா என்று தோளில் கை போட ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தங்கை கல்யாணமும் அதே நாட்களில் வருகிறதே, இரண்டையும் எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டவர்களிடம், "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றேன். எதையும் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன்தான் அப்படிச் சொல்வான்.

கப்பல் வியாழக்கிழமை சாத்தம் ஜெட்டியில் கட்டியது. ஏணியில் முதலில் இறங்கியவர் பாட்டு வித்வான். மூன்று நாள் வாந்தி எடுத்து முகம் பச்சையாகக் கிடந்தது. ஒரு கையில் அவரையும் மறு கையில் தம்புராவையும் தாங்கிக்கொண்டு ஜீப்புக்கு நடந்தேன். திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளையின் அப்பா டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறார்.

"சம்பந்தி வீட்டை அம்போன்னு விட்டுட்டு தம்புராவைத் தூக்கிட்டுப் போறாரே தம்பி. அதுக்குத்தான் கல்யாணமோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அன்று மாலை அவர் எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே கேட்டார்: "பொண்ணுக்குத் தகப்பனார் இல்லை. தாய்மாமன்தான் முன்னால நின்னு செய்யணும். அவுக எங்க?"

"அந்தக் கரையில இருக்கான். காட்டிலாகாவுல. அன்னிக்குக் காலையில வந்துருவான்" என்றாள் அம்மா.

"குடும்பம்?"

அம்மா தட்டிலிருந்த முறுக்கை அவர் பக்கம் நகர்த்தினாள். "எடுத்துக்கங்கண்ணே. கப்பல்ல வாய்க்கு ருசியா என்னத்தச் சாப்பிட்டிருப்பீங்க."

நான் அதைக் கவனித்தேன். கவனிக்காததுபோல இருந்தேன்.

வெள்ளிக்கிழமை விழாக் காரியதரிசி என்னைக் கூப்பிட்டார். என் தங்கை கல்யாணத்துக்கு நாயன கோஷ்டியை ஒரு மணி நேரம் விட்டுக் கொடுப்பதாக முன்பே சொல்லியிருந்தார். எங்கள் வட்டாரக் கல்யாணங்களில் அதுவரை ரெக்கார்டு நாயனம்தான், கெட்டிமேளம் என்று ஐயர் கையைத் தூக்கினால் ஒருவர் ஓடிப்போய் ஊசியை வைப்பார். நிஜ நாயனம் எங்கள் வீட்டில் ஒலிக்கப் போகிறது என்று வரிசை முழுக்கப் பேச்சு. இப்போது காரியதரிசி வேறு பேசினார்.

"ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்குத் திறப்பு விழா. பெரிய ஆபீசர் வர்றார். கேட்லேர்ந்து மேளதாளத்தோட கூட்டிட்டு வரணும். ஏழரைக்கு நாயனம் ஹாடோவுல விழாக் கொட்டகை வாசல்ல நிக்கணும். நடக்குமா, நடக்காதா?"

"முகூர்த்தமே ஏழரைக்குத்தான் சார்."

"அப்ப ரெக்கார்டு போட்டுக்க. சரியா, டீக் ஹை?"

டீக் இல்லை. எனக்கு இரண்டும் வேண்டும். பேட்ஜும் வேண்டும், நாயனமும் வேண்டும். வீட்டுக்கு நடந்துவரும் வழியில்தான் அந்த யோசனை வந்தது.

தீவுக்காரர்களுக்கு இது தெரியும். கடிகாரம் ஒன்றுதான், ஆனால் சூரியன் எங்களுக்கு முன்னதாக உதிக்கிறான். மெயின்லேண்டில் ஆள் எழுந்து பல் துலக்குவதற்குள் இங்கே வெயில் முதுகில் ஏறிவிடும். முகூர்த்தம், ராகுகாலம் எல்லாம் சூரியன் உதிப்பதை வைத்துப் போட்ட கணக்கு. நாங்களோ மதுரையில் அச்சான பஞ்சாங்கத்தை இங்கே சுவரில் மாட்டி, அதில் கண்ட நேரத்தை அப்படியே பின்பற்றிக்கொண்டிருந்தோம். ராகுகாலம் கழியட்டும் என்று படியில் உட்கார்ந்திருப்போம், இந்த ஊர் ராகு எப்போதோ கழிந்து போயிருப்பான். யாரும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை.

சனிக்கிழமை காலை நான் பெரிதுபடுத்தினேன். கோயில் ஐயரையும் மாப்பிள்ளையின் அப்பாவையும் உட்காரவைத்து, "மதுரையில் ஏழரை என்றால் இங்கே ஆறரை ஆறே முக்கால். இந்த மண்ணுக்கு எது நல்ல நேரமோ அதில்தானே தாலி ஏற வேண்டும்?" என்றேன். ஐயர் விரலை மடக்கி எண்ணிவிட்டு, "தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு" என்றார். சம்பந்தி என்னை மரியாதையாகப் பார்த்தார். நான் சொன்னது பொய்யில்லை, இன்றைக்கும் கணக்குப் போட்டால் சரியாகத்தான் வரும். நாயனத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோற்றின் மேலே நல்ல நேரம் என்ற இலையைப் போட்டு மூடினால் மறைக்கலாம்.

அம்மா சமையல்கட்டு வாசலிலிருந்து கேட்டாள்: "மாமாவுக்கு?"

ஞாயிற்றுக்கிழமை முதல் படகு சாத்தம் வந்து சேரவே ஏழு மணி ஆகும். அங்கிருந்து நடந்தால் ஏழரை. பழைய முகூர்த்தத்துக்குச் சரியாக இருக்கும். புது முகூர்த்தத்துக்கு வர வேண்டுமானால் இன்று மாலையே இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும்.

"சாயங்காலத்துக்குள்ள படகுல சொல்லி அனுப்பிடறேன்மா. படகுக்காரங்க எல்லாம் எனக்குத் தெரிஞ்சவங்கதானே" என்றேன்.

அது மனதாரச் சொன்னதுதான். மத்தியானம் கொட்டகைக்குப் போனேன். வேலை தலைக்கு மேல் இருந்தது. கடல் காற்று குடித்து மிருதங்கத் தோல் தொய்ந்து கிடந்தது. அடுப்பு மூட்டி வைத்து அனல் காட்டச் சொன்னார் மிருதங்கக்காரர், காட்டினால் அதிகம் என்றார். வித்வானுக்கு மிளகுப் பால் வேண்டும், ஆனால் பவுடர் பால் ஆகாது. பசும்பாலுக்காக இரண்டு வாலண்டியர்களை ஊர் முழுக்க ஓடவிட்டேன். மேடை ஓரத்தில் தகரம் பிய்ந்து தொங்கியது. ஜெனரேட்டர்க்காரர் இந்தியில் திட்டினார், நான் தமிழில் திட்டினேன். நடுவில் இரண்டு முறை மாமா ஞாபகம் வந்தது. இதோ போகிறேன், இதை முடித்துவிட்டுப் போகிறேன் என்று இருந்தேன். தகரத்தை அடித்து முடித்து நிமிர்ந்தபோது கொட்டகைக்குள் விளக்கு ஏற்றிவிட்டார்கள். கடைசிப் படகு போயிருந்தது.

மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மறக்கவில்லை. போனால் போகட்டும் என்ற ஒரு எண்ணம் உள்ளே எங்கோ இருந்தது. மாமா வந்தால் அத்தையும் வருவார், சம்பந்தி கேட்பார், பதில் சொல்ல வேண்டும். அந்த எண்ணத்தை நான் முகத்துக்கு நேராகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைப் பார்த்தாள்.

"சொல்லி அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

அவள் ஒன்றும் கேட்காமல் மாவு அரைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை நாயனம் ஒலித்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அப்படி ஒரு சத்தம் எங்கள் தகரக் கூரை வரிசைக்கு வந்ததே இல்லை. வங்காளி வீட்டுப் பெண்கள் தலையில் முக்காட்டோடு வாசலில் வந்து நின்றார்கள். தெலுங்கு மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமன் மாலை போட வேண்டிய நேரம் வந்தது. சம்பந்தி, "தாய்மாமன் வரலியா?" என்றார். நான், "படகு பிந்திருச்சு போல" என்றேன்.

தீவில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. உறவு இல்லாத ஊரில் ஒருவருக்கொருவர் உறவாக நின்றுகொள்வோம். சித்தப்பா இல்லையா, பக்கத்து வீட்டுக்காரர் சித்தப்பா. நாத்தனார் இல்லையா, ஆபீஸ் நண்பனின் மனைவி நாத்தனார். எத்தனையோ கல்யாணங்களில் நானே மாமனாக, மச்சானாக நின்றிருக்கிறேன். அன்று அடுத்த வீட்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு வந்து மாமன் இடத்தில் நின்று மாலை போட்டார். உறவே இல்லாதவர்களுக்காக ஏற்பட்ட வழக்கத்தை, உறவு படகில் வந்துகொண்டிருக்கும்போது பயன்படுத்திக்கொண்டேன். கணவனை இழந்தவள் என்று அம்மா மணவறைப் பக்கம் வராமல் சமையல்கட்டு வாசலிலேயே நின்றாள். அங்கிருந்து பார்த்தால் ரோடு நன்றாகத் தெரியும்.

தாலி ஏறிய கையோடு நாயனக்காரர்களுக்கு இரண்டு இட்லி கொடுத்து ஜீப்பில் ஏற்றினேன். தங்கை மாலையும் கழுத்துமாக என்னைப் பார்த்து, "அண்ணே, நீயும் போறியா?" என்றாள். "பத்தே நிமிஷம்" என்றேன்.

ஜீப் ஹாடோ ஏற்றத்தில் போகும்போது எதிரே இரண்டு பேர் நடந்து வந்தார்கள். மாமா சலவை வேட்டியில் இருந்தார். அத்தை அரக்கு நிறப் பட்டுப் புடவையை எங்கள் ஊர்க் கட்டாகக் கட்டியிருந்தார். யாரிடம் போய்க் கற்றுக்கொண்டாரோ. தலையில் ஒரு பெரிய மூங்கில் கூடை, அது நிறையக் கனகாம்பரமும் சாமந்தியும். போர்ட் பிளேரில் அப்போது பூ கிடைப்பது குதிரைக்கொம்பு. கப்பலில் வருவது வாடி வரும். இந்தக் கல்யாணத்துக்காகவே மூன்று மாதத்துக்கு முன்னால் கொல்லையில் பாத்தி கட்டியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

மாமா ஜீப்பில் நாயனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாகக் கையை உயர்த்தி ஆட்டினார். ஏதோ வேலையாகப் போகிறான், முகூர்த்தத்துக்குள் வந்துவிடுவான் என்று நினைத்திருப்பார். நிறுத்து என்று டிரைவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் கையை ஆட்டினேன்.

கொட்டகை வாசலில் ஏழரைக்குச் சரியாக நாயனத்தை நிறுத்திவிட்டேன். பெரிய ஆபீசர் வந்தது ஒன்பதே காலுக்கு. அதுவரை நாயனக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு வேலிக் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். பத்திரிகையில் போட்ட நேரத்திலேயே தாலி கட்டி, மாமா கையால் மாலை போட்டு, சாவகாசமாகக் கூட்டி வந்திருக்கலாம். அந்த வேலிக் கல்லை உதைத்தேன். கால் விரல்தான் வீங்கியது.

அன்று பகலெல்லாம் நான் வீட்டுக்குப் போகவில்லை. விழாவில் எனக்கு வேலை இருந்தது, இல்லாத வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். வந்தவர்களை உட்காரவைத்தேன், பெண்கள் பக்கம் குழந்தை அழுதால் வெளியே அழைத்துப்போகச் சொன்னேன், வித்வானுக்கு ஃபிளாஸ்க்கைத் திறந்து நீட்டினேன். அவர் பிரமாதமாகப் பாடினாராம். வருடக் கணக்கில் ஊர் அதைப் பற்றிப் பேசியது. என் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஒவ்வொரு தடவை கூட்டம் கை தட்டும்போதும் திடுக்கிட்டு விழித்தேன்.

பொழுது சாயும் நேரத்துக்கு வீட்டுக்குப் போனேன். நடந்ததைத் தங்கைதான் சொன்னாள். மாமா வாசலில் வந்து நின்றபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி இன்னும் மாமன் சந்தனத்தைக் கழுவாமல் பரிமாறிக்கொண்டிருந்தார். மாமா அவர் நெற்றியைப் பார்த்தார். தங்கை கழுத்தைப் பார்த்தார். அம்மா ஓடி வந்து, "நேரம் முன்னாடி வந்துருச்சுடா. இந்த ஊர்ச் சூரியன் கணக்குக்கு மாத்திட்டாங்க" என்றாளாம்.

மாமா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இந்த ஊர்ச் சூரியன் எனக்கும்தானேக்கா உதிக்கிறான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனே" என்றிருக்கிறார். சம்பந்தி வீட்டார் அத்தையைப் பார்ப்பதை அவரும் பார்த்திருக்கிறார். காரணம் அதுதான் என்று அந்த இடத்திலேயே அவர் முடிவு செய்துகொண்டுவிட்டார். தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் விபூதி பூசினார். பூக்கூடையை நடையில் இறக்கி வைத்தார். இருவரும் கை நனைக்காமல் பத்து மணிப் படகுக்குத் திரும்பிவிட்டார்கள்.

திங்கள், செவ்வாய் விழா நடந்தது. புதன் கப்பல் கிளம்பியது. தங்கை போனாள், வித்வான் போனார், நாயனம் போனது. எனக்கு மேடையில் கைத்தறித் துண்டு போர்த்திப் பாராட்டினார்கள். அதற்கடுத்த ஞாயிறு அம்மா அடுப்பில் டீத் தண்ணீரை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

பத்து வருடம் அப்படிப் போனது. சாத்தம் பாலத்தில் நின்றால் எதிர்க்கரையில் ஆள் நடப்பது தெரியும், அவ்வளவுதான் தூரம். படகு நாளெல்லாம் போய் வந்துகொண்டுதான் இருந்தது. நான் ஏறவில்லை. ஒவ்வொரு வருடமும் இனியும் பொறுக்கக் கூடாது, போய்ச் சொல்லிவிட வேண்டும், உங்கள் அக்கா மேல் குற்றமில்லை, நான்தான் சொல்லி அனுப்பாமல் விட்டேன் என்று காலில் விழ வேண்டும் என்று நினைப்பேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டே சுகமாகச் சாப்பிட்டுத் தூங்கியது. எனக்கும் கல்யாணம் ஆயிற்று. அதற்கு மாமாவைக் கூப்பிடக் கடிதம் போட்டேன், ஆள் வரவில்லை.

எழுபதுகளின் பின்பாதியில் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தாள். வீட்டுக்கு வந்தபின் ஒரு மத்தியானம் அவள் கட்டிலருகே உட்கார்ந்து, வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டேன். நாயனத்துக்காக நேரத்தை மாற்றியது, தகரம் அடித்துக்கொண்டு நின்றது, சொல்லி அனுப்பிவிட்டேன் என்று பொய் சொன்னது எல்லாம்.

அம்மா விசிறியை நிறுத்தவில்லை.

"நீ சொல்லி அனுப்பலைன்னு எனக்குத் தெரியும்டா."

"எப்படி?"

"சொல்லி அனுப்பியிருந்தா அவன் ராவோட ராவா நீந்தியாவது வந்திருப்பான்ல? அன்னிக்கு ராத்திரியே வரலைன்னதும் தெரிஞ்சு போச்சு."

"அப்ப ஏம்மா ஒண்ணும் கேக்கல?"

அவள் கூரையைப் பார்த்தாள். "நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்" என்றாள். "அவளைக் கூட்டிட்டு வந்து மணவறையில நிப்பான், அந்த ஆளுக என்ன ஜாதின்னு கேப்பாக, கப்பல் ஏறிப் போயிருவாகளோன்னு பயம். நீயா செஞ்ச. நான் செய்யலேன்னு இருந்துட்டேன்."

பத்து வருடமாக மாமாவிடம் சொல்வதற்கு நான் வைத்திருந்த ஒரே வாக்கியம், அக்கா மேல் குற்றமில்லை என்பது. அதையும் அவள் எடுத்துக்கொண்டாள். கோபம் வந்தது. அவள் மேலா என் மேலா என்று தெரியாத கோபம். எழுந்து வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். "ஒரு தடவை அவன் மூஞ்சியைப் பாத்துட்டாப் போதும்டா" என்றாள்.

அந்த ஞாயிறு சாத்தமில் படகு ஏறினேன். கரை சேரப் பதினைந்து நிமிடம்தான். மாமா வீட்டு வாசலில் ஈட்டி மரத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாயனம், முகூர்த்தம், படகு. நான்தான், நான் மட்டும்தான் என்றேன். அந்த "மட்டும்தான்" எனக்கே கசந்தது. அத்தை முறத்தோடு நிலைப்படியில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமா கேட்டு முடித்துவிட்டுத் தரையையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்" என்றார். "தாலி கட்டுற நேரத்துல அக்கா என்னைத் தேடுச்சா?"

அம்மா சமையல்கட்டு வாசலில் நின்றது கண்ணுக்கு முன்னால் வந்தது. ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். அது அப்போதே என் கண்ணில் பட்டிருக்கிறது. அன்று பார்த்ததற்கு இன்றுதான் அர்த்தம் தெரிந்தது.

"தேடினாங்க மாமா. மூணு தடவை கேட்டாங்க, தம்பி வந்துட்டானா, தம்பி வந்துட்டானான்னு."

மாமா நிமிர்ந்தார். அத்தையின் பக்கம் திரும்பி, "சுனா? தீதி தீன் பார் பூச்சா" என்றார், கேட்டாயா, அக்கா மூன்று தடவை கேட்டாளாம் என்று. ஏதோ வழக்கில் ஜெயித்தவர்போலச் சொன்னார். அத்தை என்னைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். மூன்று தடவை என்று எண்ணிக்கொண்டு யாரும் ஆளைத் தேடுவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஆமாம், நல்லது என்பதுபோல "ஹாம், அச்சா" என்று மாமாவிடம் சொல்லிவிட்டு முறத்தைப் புடைக்க ஆரம்பித்தார்.

"அடுத்த ஞாயிறு வர்றோம்னு அக்காகிட்ட சொல்லு" என்றார் மாமா.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். என்ன சமைக்கலாம், அவளுக்கு மீன் பிடிக்குமா, புடவை எடுக்க வேண்டுமா என்று மூச்சு வாங்க அடுக்கினாள். இதையும் சொல்லாமல் விட முடியாதே என்று மெதுவாகச் சொன்னேன்:

"அம்மா, மாமா கேட்டா, நீ அன்னிக்கு மூணு தடவை தேடினேன்னு சொல்லியிருக்கேன். மாத்திச் சொல்லிடாத."

போர்வை ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஒரு தடவையாவது தேடியிருக்கலாம்டா."